1972 எம்ஜிபி வாங்கலாமா? எதைச் சரிசெய்வது, எதை மாற்றுவது

கேள்வி இது: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் ஒருவருக்குப் பக்கத்து ஊரில் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பன்னிரண்டு வருடமாக ஒரு கராஜில் நிற்கும் கார். இன்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறது, ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) கிடையாது, "சில் பேனல் (கதவுக்குக் கீழே இருக்கும் தகடு) எல்லாம் மாற்றியாச்சு" என்கிறார் விற்பவர். வாங்கினால் ஐந்து கியர் பெட்டி, டெலஸ்கோபிக் டேம்பர் (குழாய் வடிவ ஷாக் அப்சார்பர்), எலக்ட்ரானிக் இக்னிஷன், அலுமினிய ரேடியேட்டர், இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதல் பவர், இவ்வளவும் செய்ய ஆசை. எங்கே ஆரம்பிக்கலாம்?

நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். முதலில் காரைத் தொழிற்சாலை விட்ட நிலைக்குக் கொண்டுவாருங்கள், ஒரு கோடை முழுக்க ஓட்டுங்கள், அதற்கப்புறமும் எது குறை என்று படுகிறதோ அதை மட்டும் மாற்றுங்கள். இந்த வண்டிகளில் அப்கிரேடு என்று சொல்லிப் போட்ட பாகங்களில் பாதி, தேய்ந்துபோன வேறு எதையோ மூடிமறைக்கப் போட்டவை. கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் முளை) ஆடும், அதைப் பார்க்காமல் விலை உயர்ந்த டேம்பர் வாங்கி மாட்டுவார்கள். பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு தேய்ந்திருக்கும். அதன் மேலேயே எலக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பார்கள். கோளாறு அப்படியே இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும்.

தேர்ந்தெடுத்த காரில் எனக்குக் குறை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே இருக்கும் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை, ரோட்ஸ்டரும் கூரை வைத்த ஜிடியுமாக 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அவ்வளவு கார்கள் ஓடியதால் இன்றைக்கும் அதற்குக் கிடைக்காத பாகம் என்று அநேகமாக எதுவும் இல்லை. முழு பாடி ஷெல்லே கிடைக்கும்: பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து 1988 முதல் புது ஷெல் அடித்துக் கொடுத்துவருகிறது. பெயின்ட் அடிக்காத வெறும் ஷெல்லுக்கே 10,000 பவுண்டுக்கு மேல் ஆகும். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு காரைப் பார்க்கப் போங்கள். ஏனென்றால் எம்ஜிபி விஷயத்தில் பணத்தை விழுங்குவது இன்ஜின் கிடையாது, தகரம்.

இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலேதான் சட்டகம். கூரையும் இல்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து நிறுத்துவது கதவுக்குக் கீழே ஓடும் சில் பேனலும் நடுவில் இருக்கும் டனலும்தான். வெளியிலிருந்து பார்த்தால் சில் ஒரே தகடு மாதிரித் தெரியும். உள்ளே அப்படி இல்லை. வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு தகடு, அடியில் கேஸில் ரெயில் என்று சொல்லும் மடிப்புத் தகடு. இவையெல்லாம் சேர்ந்து ஒரு பெட்டியாகி பலம் கொடுக்கின்றன. வெளித்தகட்டின் முன்முனை முன் விங்குக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கும், பின்முனை பின் விங்கின் அடியில் நுழைந்திருக்கும். ஆகவே ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் முன் விங்கைக் கழற்ற வேண்டும், பின் விங்கின் கீழ்ப்பகுதியை வெட்ட வேண்டும். அது பெரிய வேலை. அதனால்தான் பல பட்டறைகளில் கதவுக்குக் கீழே தெரியும் நீளத்துக்கு மட்டும் பழைய துருவின் மேலேயே புதுத்தகட்டை ஒட்டவைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். "சில் மாற்றியாச்சு" என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எதை மாற்றினார்கள் என்பதுதான் கேள்வி.

பார்ப்பது எப்படி? ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். கதவுக்குப் பின்னால் சில் பேனலும் பின் விங்கும் சேரும் வளைவு, முன் விங்கின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவுகளின் உதடு, இங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. அப்புறம் காரின் அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கேஸில் ரெயிலை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும். துரு தின்ற இடம் 'தொப்' என்று மழுங்கும், உள்ளிருந்து செதில் செதிலாகக் கொட்டும். கடைசியாக விற்பவரிடம் அனுமதி கேட்டு, சில்லில் இருக்கும் ஜாக்கி பாயிண்டில் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தை ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியபின் அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு பின் தூணில் இடித்தாலோ இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறினாலோ கார் நடுவில் மடங்குகிறது என்று அர்த்தம். ஜாக்கி பாயிண்டில் ஏற்ற வேண்டாமே என்று விற்பவர் தயங்கினால் அதுவே பதில்.

துரு பிடிக்கும் மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிக்கான பெட்டிகள் இருக்கும் (1974 வரை இப்படித்தான், அப்புறம் ஒரே 12 வோல்ட்). அவற்றின் அடித்தகடு பெரும்பாலும் போயிருக்கும். பெட்ரோல் டேங்க் கீழிருந்து துருப்பிடிக்காது, மேலிருந்து துருப்பிடிக்கும். டேங்குக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே சேறு தங்குவதால் வரும் வினை. முன் சக்கரத்துக்குப் பின்னால், விங்குக்குள் ஒரு தடுப்புத் தகடு இருக்கிறது. அதன் ரப்பர் ஓரம் கிழிந்துபோனால் மண் உள்ளே போய் ஈரத்தோடு உட்கார்ந்துகொள்ளும். கதவுத் தகட்டில் முக்கோணக் கண்ணாடியின் பின்ஓரத்துக்குக் கீழே சின்ன விரிசல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது இந்தக் காரின் ஜாதகத்திலேயே எழுதியது. ஹீட்டர் காற்று நுழையும் சல்லடைக்கு அடியில் மழைத்தண்ணீர் வடிய ஒரு ரப்பர்க் குழாய் உண்டு. அது அடைத்திருந்தால் தண்ணீர் நேராகக் கால் வைக்கும் இடத்துக்கு வரும். கம்பளத்தைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள்.

சில் மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒரு நிபந்தனையில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெட்டுவதற்கு முன்னால் கார் சமமாக, தன் எடையைச் சக்கரங்களிலோ சஸ்பென்ஷன் இருக்கும் இடங்களிலோ தாங்கி நிற்க வேண்டும். கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்து இறுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். ஒவ்வொரு தகட்டையும் முதலில் கிளாம்பில் பிடித்து, கதவை மாட்டி மூடிப்பார்த்து, இடைவெளி சரியாக இருந்த பிறகே வெல்டிங். இந்தப் பொறுமை இல்லாத பட்டறையில் ரோட்ஸ்டரைக் கொடுத்தால் அது வாழை இலை மாதிரி வளைந்து திரும்பி வரும், அப்புறம் எந்தக் கதவும் சேராது. வேலை முடிந்ததும் உள்ளறைகளில் மெழுகு ஊற்றுங்கள், வடிகால் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். பெயின்டைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, உங்கள் இஷ்டம். ஆனால் கார் எந்த நிறத்தில் பிறந்தது என்று தெரிய வேண்டுமென்றால் கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதிச் சான்றிதழ் வாங்கலாம். தயாரித்த தேதி, நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பியது எல்லாம் பழைய பேரேட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். ஹார்வெஸ்ட் கோல்டு என்று வந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அந்த 70களின் மஞ்சளை ரசிக்கத் தனி மனசு வேண்டும்.

தகரம் முடிந்தால் பிரேக். இதில் மீண்டும் பயன்படுத்தலாமா என்று யோசிக்கவே கூடாத பாகங்கள் உண்டு: ரப்பர் ஹோஸ்கள், பின் டிரம் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டரின் சீல்கள். பன்னிரண்டு வருடம் நின்ற காரில் ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வீங்கி மூடியிருக்கும்; மிதித்தால் பிரேக் பிடிக்கும், விட்டால் விடாது. உங்கள் கார் இங்கிலாந்துச் சந்தைக்கு வந்த 1972 மாடல் என்றால் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட்தான். எங்காவது ஒழுகினால் மொத்தமும் போய்விடும். அதனால் இரும்புக் குழாய்களையும் எடுத்துவிட்டுச் செம்பு நிக்கல் குழாய் போடுங்கள். சர்வோ வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் சர்வோ காரைக் குறைந்த தூரத்தில் நிறுத்தாது, உங்கள் காலுக்கு வேலையைக் குறைக்கும், அவ்வளவுதான். முன்னால் இருக்கும் டிஸ்க் பிரேக் சரியாக இருந்தால் இந்த எடைக்கு அது போதும். டயரின் பட்டை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காதீர்கள். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பழையது என்றால் தூக்கிப்போடுங்கள்.

சஸ்பென்ஷனில்தான் உங்கள் டெலஸ்கோபிக் ஆசைக்கு வருகிறேன். எம்ஜிபியில் இருப்பது ஆம்ஸ்ட்ராங் லீவர் டேம்பர். முன்னால் அந்த டேம்பரின் கைதான் மேல் விஷ்போனாகவும் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) வேலை செய்கிறது. ஆகவே டெலஸ்கோபிக் கிட் போட்டாலும் பல கிட்களில் பழைய லீவர் டேம்பர் அங்கேயே இருக்கும், வெறும் கீலாக. நன்றாக ரீகண்டிஷன் செய்த லீவர் டேம்பர், ஆயில் ஒழுகாமல் இருந்தால், சாதாரணச் சாலைக்கு அருமையாக வேலை செய்யும். கார் அலைகிறது, ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்றால் முதல் சந்தேகம் கிங்பின் மேல் வர வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். 3,000 மைலுக்கு ஒருமுறை சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு கிரீஸ் அடிக்க வேண்டும். கீழே நின்றபடியே அடித்தால் எடை தாங்கும் பக்கத்துக்கு கிரீஸ் போகாது. இன்றைய கராஜ்கள் பலவற்றில் கிரீஸ் கன்னே இல்லை. கிங்பின்கள் இறுகிப்போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இங்கே நான் மனசாரச் சொல்லும் ஒரே மாற்றம் கீழ் விஷ்போனுக்கு எம்ஜிபி ஜிடி வி8 காரின் புஷ். விலை குறைவு, அப்படியே பொருந்தும், பழைய ரப்பரை விட ரொம்ப நாள் உழைக்கும்.

மின்சாரம். இந்தக் காரின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனியை 'இருட்டின் இளவரசன்' என்று கிண்டல் செய்வது பிரிட்டிஷ்காரர்களின் பழைய பொழுதுபோக்கு. உண்மையில் அந்த வயரிங் எளிமையானது, நிறத்தை வைத்தே படிக்கலாம்: பழுப்பு எப்போதும் மின்சாரம் இருப்பது, வெள்ளை சாவி திருப்பினால் வருவது, பச்சை அதுவே ஃபியூஸ் தாண்டியது, ஊதா ஃபியூஸ் தாண்டிய நிரந்தர மின்சாரம், நீலம் ஹெட்லைட், சிவப்பு பக்க விளக்கு, கருப்பு எர்த். கோளாறு வருவது பெரும்பாலும் குண்டு வடிவ இணைப்பான்களில் பச்சை பூத்திருப்பதாலும், எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு இருப்பதாலும். எல்லாவற்றையும் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். புது வயரிங் வாங்க வேண்டிய தேவையே இருக்காது. இன்ஜினுக்கும் உடலுக்கும் நடுவே பின்னல் பட்டையாக ஒரு எர்த் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இன்ஜினை இறக்கி ஏற்றியவர்கள் அதை மறப்பது சகஜம். மறந்தால் என்ன ஆகும்? ஸ்டார்ட்டர் இழுக்கும் அத்தனை மின்சாரமும் ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகத் திரும்பிப் போகும். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது, சோக் குமிழ் பக்கம் சூடாக இருக்கிறது, சில சமயம் புகையே வருகிறது என்றால் இதுதான். இதற்குப் புது ஸ்டார்ட்டர் மோட்டாரும் புது பேட்டரியும் வாங்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

மேம்படுத்த ஒன்று உண்டு: ஹெட்லைட்டின் மின்சாரம் முழுக்க ஸ்விட்ச் வழியாகவே போகிறது, ஃபியூஸும் கிடையாது. இரண்டு ரிலேயும் ஃபியூஸும் வைத்தால் ஸ்விட்ச் பிழைக்கும், வெளிச்சமும் கூடும். சின்னச் செலவு, வெளியே தெரியாது, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு வருவோம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஒளிந்துகொள்ளும் மாட்யூலை நான் எதிர்க்கவில்லை. இன்றைக்குப் புதிதாக வரும் கண்டென்சர், ரோட்டர் ஆர்ம் சிலவற்றின் தரத்தைப் பார்த்தால் அது நியாயமான வழிதான். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு சோதனை. மூடியைக் கழற்றி, நடுத் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் போயிற்று. அப்புறம் வேக்கம் அட்வான்ஸ் குழாயை கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே பாயிண்ட் இருக்கும் தட்டு திரும்ப வேண்டும், நாக்கால் குழாயை மூடினால் அப்படியே நிற்க வேண்டும். திரும்பவில்லை என்றால் தட்டு இறுகியிருக்கிறது, திரும்பிவிட்டு உடனே பழைய இடத்துக்குப் போனால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. இரண்டும் சரியில்லாத டிஸ்ட்ரிபியூட்டரில் எந்த மாட்யூல் வைத்தும் பிரயோஜனம் இல்லை. மாட்யூல் வைத்தாலும் பழைய பாயிண்ட், கண்டென்சர் இரண்டையும் டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். பாயிண்ட் மெதுவாகச் சாகும், மாட்யூல் சொல்லாமல் சாகும்.

இன்ஜின், எனக்குப் பிடித்த இடம். 1798 சிசி, இரும்பு பிளாக், இரும்பு ஹெட், புதிதில் 95 குதிரைத்திறன் என்று சொல்லி விற்றார்கள். நம்ம ஊர்க்காரர்களுக்கு இது அந்நியம் இல்லை. அம்பாசிடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் இதே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் குடும்பம்தான். அம்பாசிடருக்கு டேப்பெட் (வால்வு இடைவெளி) வைத்த கை, எம்ஜிபியின் ராக்கர் மூடியைத் திறந்தால் வழி கேட்காமலே வேலையை ஆரம்பிக்கும். எட்டு வால்வு, கணக்கு ஒன்பது. ஒன்றாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதை வையுங்கள், மூன்று திறந்திருந்தால் ஆறு, ஐந்து என்றால் நான்கு. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. ஃபீலர் தகடு கொஞ்சம் பிடித்து இழுக்கிற மாதிரி நகர வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும், இந்தக் காரின் போல்ட்டுகள் மில்லிமீட்டர் அளவில் இல்லை. 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர் வாங்குங்கள். 13 எம்எம் கிட்டத்தட்டப் பொருந்தும். கிட்டத்தட்டப் பொருந்தியே முனைகளை உருட்டிவிடும்.

நின்றுபோன இன்ஜினை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள், அதன் நாற்றமே உங்களுக்குச் சொல்லும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்மம் உள்ள பழைய கார் ஆயில். இன்றைய மெல்லிய ஆயில் இந்த கேம்ஷாஃப்டுக்கு ஆகாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும். நன்றாகச் சூடான பிறகு, ஓடும்போது 50 பிஎஸ்ஐக்கு மேலும், ஐடிலில் 15க்குக் குறையாமலும் காட்டினால் சந்தோஷப்படுங்கள். பின்பக்கத்தில் கொஞ்சம் ஆயில் கசிந்தால் அதற்காக ராத்திரி தூக்கம் கெட வேண்டாம்.

டேப்பெட், இக்னிஷன் இரண்டும் முடிந்த பிறகே கார்புரேட்டர். வரிசை மாறினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். இரட்டை எஸ்யூ கார்புரேட்டரை ஒத்துப்போகச் செய்ய மீட்டர் வாங்கலாம். இல்லையென்றால் ஒரு முழம் ரப்பர் குழாய் போதும். ஏர் ஃபில்டர்களை எடுத்துவிட்டு, குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒரு கார்புரேட்டரின் வாயிலும் வையுங்கள். உஸ் என்று ஒரு சுருதி கேட்கும். அதே இடத்தில், அதே தூரத்தில் அடுத்த கார்புரேட்டர். இரண்டு சுருதியும் சேரும் வரை த்ராட்டில் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். அப்புறம் கலவை: அடியில் இருக்கும் சின்னப் பின்னால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்குங்கள். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. கொஞ்சம் கூடி உடனே பழைய வேகத்துக்கு வந்தால் சரி. எவ்வளவு திருகியும் சுருதி சேரவில்லை என்றால் த்ராட்டில் தண்டு தேய்ந்து பக்கவாட்டில் காற்று இழுக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

பெட்ரோல் விஷயம். ஈயம் கலந்த பெட்ரோல் இங்கிலாந்தில் 2000 தொடக்கத்தோடு பங்க்குகளிலிருந்து போய்விட்டது. ஈயம் இல்லாததால் பழைய இரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். கண்டுபிடிப்பது எளிது: எக்ஸாஸ்ட் டேப்பெட் இடைவெளி ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் குறைந்துகொண்டே வரும். அப்படி வந்தால் ஹெட்டை இறக்கிக் கடின இரும்பு சீட் போட வேண்டும்; வராவிட்டால் அவசரம் இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பரைத் தின்னும். சூப்பர் பெட்ரோல்தான் இ5, அதைப் போடுங்கள். அதோடு டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர்க் குழாயையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். இது அப்கிரேடு இல்லை, தீ விபத்துத் தடுப்பு.

பவர் கூட்டும் ஆசைக்கு ஹெட் இறக்கும் அந்த நாள்தான் சரியான நாள். எப்படியும் சீட் மாற்றப்போகிறீர்கள், அப்போதே வழிகளைச் செதுக்கிச் சீராக்கி, அதற்கேற்ற ஊசியை கார்புரேட்டரில் போட்டு, ரோலிங் ரோடில் (காரை உருளைகள் மேல் ஓட்டி அளக்கும் மேடை) ஓட்டி செட் செய்தால் பத்திருபது குதிரை கூடும், இன்ஜினின் குணமும் கெடாது. கேம்ஷாஃப்ட்டை மட்டும் தொட யோசியுங்கள். மோசமான தரத்தில் வரும் ஃபாலோயர்கள் (கேம்ஷாஃப்டோடு உரசி நகரும் பாகங்கள்) சீக்கிரமே தேய்ந்து இரும்புத்தூளை ஆயிலில் கலக்கும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஸ்டார்ட் ஆன உடனே ஐடிலில் விடாமல், 2,000 சுற்றுக்கு மேல் இருபது நிமிடம் ஓட்டிப் பழக்குங்கள். அலுமினிய ரேடியேட்டர்? சூடேறும் எம்ஜிபிகளில் பல, பிளாக்குக்குள் வண்டல் சேர்ந்தவை. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகால் குழாயைத் திறந்து கம்பியால் குத்திப் பாருங்கள். முதலில் ஒன்றும் வராது, அப்புறம் வரும் சேற்றைப் பார்த்தால் ரேடியேட்டர் ஞாபகமே போய்விடும்.

உங்கள் பட்டியலில் நான் முழு மனதோடு ஆதரிப்பது கியர் பெட்டி ஒன்றைத்தான், அதிலும் ஒரு திருத்தம். நாலாவது கியரில் 1,000 சுற்றுக்கு ஏறத்தாழ 18 மைல் வேகம். மோட்டார்வேயில் 70 மைல் என்றால் 3,900 சுற்று. கூரையைத் திறந்துபோட்டு இரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்தில் ஓட்டினால் இறங்கியபிறகும் காது இரையும். லேகாக் ஓவர்டிரைவ் அதை 3,200க்குக் கொண்டுவரும். ஃபோர்டு டைப் 9, மாஸ்டா எம்எக்ஸ்-5 பெட்டிகளை வைத்து ஐந்து கியர் கிட் வருகிறது; நல்ல பொருள்தான், மாஸ்டாவின் கியர் மாற்றம் வெண்ணெய். ஆனால் ஓவர்டிரைவ் இந்தக் காருக்குத் தொழிற்சாலையே கொடுத்த ஆப்ஷன். மூன்றாவதிலும் நாலாவதிலும் வேலை செய்யும், கிளட்ச் மிதிக்காமல் ஸ்விட்சைத் தட்டினால் போதும். மலைச்சாலையில் மூன்றாவதுக்கும் மூன்றாவது ஓவர்டிரைவுக்கும் மாற்றி மாற்றி ஓட்டுவதில் இருக்கும் சுகத்தை ஐந்தாவது கியர் தராது. உங்கள் பெட்டியில் ஓவர்டிரைவை மட்டும் சேர்க்க முடியாது, உள்ளே இருக்கும் தண்டே வேறு. ஆகவே ஓவர்டிரைவோடு ரீகண்டிஷன் செய்த முழுப் பெட்டியாக வாங்குங்கள். ஊற்றுவதும் கியர் ஆயில் இல்லை, இன்ஜினுக்கு ஊற்றும் அதே ஆயில்.

இதற்கு இன்ஜினையும் பெட்டியையும் சேர்த்தே இறக்க வேண்டும், கிளட்ச் மாற்றவும் அதே கதைதான். அதனால் இறக்கியிருக்கும்போதே கிளட்ச் தட்டு, கார்பன் ரிலீஸ் பேரிங், இன்ஜின் மவுண்ட், பின் ஆயில் சீல் எல்லாம் போட்டுவிடுங்கள். கார்பன் பேரிங் என்பதால் சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடி காத்திருக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வி8 போடலாமா என்று ஒரு நாள் யாராவது உங்களிடம் கேட்பார்கள். கென் காஸ்டெல்லோ என்பவர் ரோவரின் அலுமினிய வி8 இன்ஜினை எம்ஜிபிக்குள் போட்டு விற்றுக் காட்டிய பிறகு, தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை 2,591 ஜிடி வி8 செய்தது. எடையும் அந்தக் கனமான இரும்பு நான்கு சிலிண்டரை விடப் பெரிதாகக் கூடவில்லை. அருமையான கார். ஆனால் இங்கே சட்டத்தையும் பாருங்கள். 40 வருடம் தாண்டிய கார் என்பதால் வரலாற்று வாகனமாகப் பதிந்தால் சாலை வரி இல்லை, லண்டன் யூலெஸ் (புகைக் கட்டுப்பாட்டு மண்டலம்) கட்டணமும் இல்லை. 2018 மே முதல் எம்ஓடி (வருடாந்திர வாகனப் பாதுகாப்பு) சோதனையும் கட்டாயமில்லை, கடந்த 30 வருடத்தில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால். வேறு இன இன்ஜின் அந்தப் பெரிய மாற்றத்தில் வரலாம். விலக்கு இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை நீங்களாகவே எம்ஓடிக்குக் கொண்டுபோங்கள். அடியில் என்ன நடக்கிறது என்று இன்னொருவர் கண்ணால் பார்ப்பது நல்லது. செய்த மாற்றம் எதுவானாலும் இன்ஷூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள், காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்யும் பாலிசியாக எடுங்கள்.

சரி, இந்தக் காரை வாங்கலாமா? சில் வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களைக் கேளுங்கள். முன் விங் கழற்றி, கேஸில் ரெயில் தெரிகிற மாதிரி படம் இருந்தால், ஜாக்கி சோதனையிலும் கதவு ஒழுங்காக மூடினால், இன்ஜின் ஓடாவிட்டாலும் வாங்குங்கள். படமும் இல்லை, கதவும் இடிக்கிறது என்றால் இன்ஜின் தேன் மாதிரி ஓடினாலும் வேண்டாம். அவர் விலையைப் பாதியாகக் குறைத்தாலும் கணக்கு ஒத்துவராது. அடுத்த மாதமே வேறொரு எம்ஜிபி விலைக்கு வரும், ஓவர்டிரைவோடு வந்தாலும் ஆச்சரியமில்லை.